நாட்டிய நாடகமும் அதன் மூல வடிவமும்

நூல் ஒன்றை எழுதிய புலவர் மறைந்தாலும் அவர்தம் நூல் மறைவதில்லை. ஏட்டிலோ தாளிலோ எழுத்தாய் நின்று, படிப்பார் ஒருவர் வரும்வரையில் அது காத்திருக்கிறது. சிற்பி மறைந்தாலும் அவன் செதுக்கிய சிலை கல்லாய் நிற்கிறது. மேடையில் ஆடியும் பாடியும் நிகழ்த்தப்படும் நாடகத்தின் நிலை வேறு. திரை விழுந்ததும் அது கண்ணுக்கும் செவிக்கும் எட்டாமற் போகிறது. ஆடுவோரும் பாடுவோரும் மறுபடி ஒரு மாலையில் கூடினால்தான் அதற்கு மறுபிறப்பு உண்டு. அவர்கள் கூடாவிட்டாலும், கூடியும் முன்பு ஆடிய முறையை மறந்துவிட்டாலும், அக்கலைப்படைப்பு உலகில் எங்கும் இல்லை.

இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், சென்னையின் கலையன்பர்களிடையே எழும் ஒரு வழக்கின் பொருள் நமக்கு விளங்கும். பல ஆண்டுகளாக மேடையேறிவரும் ஒரு நாட்டிய நாடகத்தை, அதனை முதலில் அமைத்தவர் அமைத்த வண்ணமே காக்க வேண்டுமா? அன்றிக் காலத்திற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாமா? மயிலாப்பூரிலும் தியாகராயநகரிலும் உள்ள சபைகளின் வாயில்களில், ஆட்டம் முடிந்து மக்கள் வெளியே வரும் வேளையில், இவ்வினாவைக் கேட்கலாம். அடையாறுப் பகுதியில், திருவான்மியூர்க் கலாக்ஷேத்திரத்து அரங்கிலிருந்து வருவோர்பால் இன்னும் மிகுதியாகக் கேட்கலாம். ஏனெனில், ஏறக்குறைய எண்பது ஆண்டு வரலாறு உடைய நாட்டிய நாடகங்கள், பெரும்பாலும் பழைய அமைப்பிலேயே ஆடப்பெறும் இடம் அது. ஆகவே அந்நிறுவனத்தின் நாடகங்களையே சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1904-ஆம் ஆண்டு மதுரையில் பிறந்தவர் ருக்மிணி தேவி. ஐரோப்பிய நடன மேதை அன்னா பாவ்லோவாவின் நட்பால் ஆடற்கலையில் ஈடுபாடு கொண்டு, பின்னர் நம் நாட்டு நடனத்தின்பால் திரும்பினார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடத்தும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடத்தும் பரதம் பயின்றார். 1935-இல் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் முதன்முதலாக ஆடினார். அடுத்த ஆண்டு, 1936-இல், ஒரு கலைக்கூடத்தைத் தோற்றுவித்தார். அதுவே கலாக்ஷேத்திரம் எனப் பெயர் பெற்று வளர்ந்து, அடையாற்றிலிருந்து திருவான்மியூர்க் கடற்கரையை ஒட்டிய இடத்திற்கு மாறியது. 1993-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதியையும் அடைந்தது.

தனியொருவர் ஆடும் ஆட்டத்தோடு நின்றுவிடாமல், பலர் கூடி ஒரு கதையை நடிக்கும் நாட்டிய நாடகத்தை ருக்மிணி தேவி மேற்கொண்டார். 1944-இல் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி மேடையேறியது. வீணை கிருஷ்ணமாச்சாரியார் அதற்கு இசையமைத்தார். காரைக்கால் சாரதாம்பாள் ஆட்ட அமைப்பில் துணைநின்றார். 1947-இல் காளிதாசனின் குமாரசம்பவம், டைகர் வரதாச்சாரியாரின் இசையில் வந்தது. அதன்பின் தொடங்கியதே இராமாயணத் தொடர். சீதா சுயம்வரம் 1955-இலும், ஸ்ரீராம வனகமனமும் பாதுகா பட்டாபிஷேகமும் 1960-இலும், சபரி மோட்சம் 1965-இலும், சூடாமணிப் பிரதானம் 1968-இலும், மகா பட்டாபிஷேகம் 1970-இலும் அரங்கேறின. ஆறு நாடகங்கள் நிறைவுறப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. வால்மீகியின் சுலோகங்களுக்கு இசைவடிவம் தந்தவர் மைசூர் வாசுதேவாச்சாரியார். எண்பது வயதைக் கடந்தபின் இப்பணியை ஏற்ற அப்பெருமகனார் 1961-இல் மறைந்தார். எஞ்சிய பகுதிக்கு அவருடைய பேரர் எஸ். ராஜாராம் இசையமைத்து முடித்தார். ருக்மிணி தேவி 1986-இல் காலமானார்.

அவர் மறைந்த அந்நாளிலிருந்தே நம் வினா கூர்மை பெறுகிறது. ஆக்கியோன் உயிரோடு இருக்கும்வரையில் மாற்றுவதா, காப்பதா என்ற ஐயம் எழுவதில்லை. அவர் மாற்றினால் அது திருத்தம். மாற்றாவிட்டால் அது முடிவு. அவருக்குப் பின் வருவோர் மாற்றினாலோ, அது திருத்தமா, சிதைவா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

மூல வடிவத்தைக் காக்க வேண்டும் என்போர் கூறுவது இது. ஒரு நாட்டிய நாடகம் பல கலைகளின் கூட்டு. சொல், இசை, ஆடல், உடை, ஒளி, மேடையில் ஒவ்வொருவரும் நிற்கும் இடம் ஆகிய யாவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. வளைவான வாயிலில் ஒரு கல்லை எடுத்தால் மற்றக் கற்களும் சரிவது போல, ஒன்றை மாற்றினால் மற்றவை நிலைகுலையும். ஒரு பாட்டின் காலத்தை விரைவுபடுத்தினால், அப்பாட்டுக்கு அமைந்த முகபாவம் முழுமை பெற நேரம் இராது. மேடையில் இருவர் நிற்கும் தொலைவைக் குறைத்தால், அவர்களிடையே இருக்க வேண்டிய தயக்கம் புலப்படாது. ஆகவே முழுமையையும் காக்க வேண்டும் அல்லது தொடாமல் விட்டுவிட வேண்டும் என்பர்.

மாற்றலாம் என்போரின் கூற்றிலும் வலிமை இல்லாமல் இல்லை. இன்றைய இளைஞருள் பலருக்கு வடமொழிச் சுலோகத்தின் பொருள் கேட்டவுடன் விளங்குவதில்லை. நெடுநேரம் அமர்ந்து பார்க்கும் பழக்கமும் குறைந்துவிட்டது. ஒளியமைப்புக் கருவிகள் பெருகியுள்ள இக்காலத்தில், அவை இல்லாத காலத்து அமைப்பையே ஏன் பற்றிக்கொள்ள வேண்டும்? முதல் ஆட்டத்தில் ஆடியவர்களின் உடலும் திறனும் வேறு. இன்று ஆடுவோரின் உடலும் திறனும் வேறு. பிறர் அளவுக்குத் தைத்த சட்டையை இவர்கள் எத்தனை நாள் அணிவது? இவ்வாறு அவர்கள் கேட்கின்றனர்.

இவற்றுக்கும் மேலாக அவர்கள் ஒன்று சொல்வர். மூல வடிவத்தை அமைத்த ருக்மிணி தேவியே பெரும் மாற்றம் செய்தவர் அல்லரா என்பதே அது. இதனை நாம் நேர்மையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்தம் காலத்திற்கு முன் சதிர் ஆட்டத்தில் பாடுவோரும் முழவு கொட்டுவோரும் ஆடுபவளின் பின்னே நின்று, அவளோடு முன்னும் பின்னும் நடந்தனர். அவர்களை மேடையின் ஒரு பக்கத்தில் அமரச் செய்தவர் ருக்மிணி தேவி. கோயிற் சிற்பங்களைப் பார்த்து உடையையும் அணியையும் புதிதாக வகுத்தார். சிருங்காரப் பகுதிகள் சிலவற்றைக் குறைத்தார். இசை வேளாளர் மரபில் வந்த தஞ்சாவூர் பாலசரஸ்வதி இதனை ஏற்கவில்லை. சிருங்காரத்தைத் தூய்மைப்படுத்தத் தேவையில்லை, அது தன்னளவிலேயே உயர்ந்தது என்பது அவருடைய கொள்கை. மெலட்டூரில் ஆடவரே பெண் வேடமும் ஏற்று ஆடும் பாகவத மேளத்து நாடகங்களைக் கலாக்ஷேத்திரம் எடுத்தாண்டபோது, பெண்களும் அவற்றில் நடித்தனர். ஆதலின், இன்று நாம் மூல வடிவம் என்று போற்றுவது, தன் காலத்தில் புது வடிவமாக இருந்ததேயாகும்.

இவ்வளவில் மாற்றக் கட்சியே வென்றது என்று எண்ண வேண்டா. 'மூல வடிவம்' என்ற சொல்லால் நாம் எதனைக் குறிக்கிறோம் என்பதை முதலில் தெளிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு நாட்டிய நாடகத்தில் நான்கு அடுக்குகள் உள்ளன.

முதல் அடுக்கு சொல். குற்றாலக் குறவஞ்சியின் பாடல்கள் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, அச்சில் உள்ளவை. அவற்றுக்கு அழிவில்லை. இரண்டாம் அடுக்கு இசை. இராகமும் தாளமும் சுரக் குறிப்பாக எழுதப்பெறலாம், ஒலிப்பதிவாகவும் இருக்கலாம். அசைவும் கமகமும் முழுவதும் குறிப்பில் அடங்கா எனினும், பெரும்பகுதி காக்கப்படும்.

மூன்றாம் அடுக்கு உடையும் ஒளியும் அரங்கும். இவை பொருள்கள். தேய்வன, கிழிவன, உடைவன. ஆயினும் காரணமின்றி அமைந்தவை அல்ல. கலாக்ஷேத்திரத்தின் நாடகங்களுக்கு வேண்டிய ஆடைகள் அங்குள்ள தறிகளில் நெய்யப்பெற்றன. அரக்கு நிறப் பட்டு மஞ்சள் ஒளியில் ஒரு நிறமாகவும், நீலம் கலந்த வெள்ளொளியில் வேறொரு நிறமாகவும் கண்ணுக்குத் தோன்றும். பட்டின் நிறம் பட்டில் மட்டும் இல்லை. அதன்மேல் விழும் ஒளியிலும் இருக்கிறது. புதிய விளக்கைப் பொருத்துபவர், தாம் ஆடையையும் மாற்றிவிட்டதை அறியாமலே மாற்றிவிடுகிறார். அரங்கும் அத்தகையதே. கேரளத்துக் கூத்தம்பலத்தை ஒட்டி அப்புக்குட்டன் நாயர் வடிவமைத்த அரங்கம் திருவான்மியூரில் இருக்கிறது. கூத்தம்பலத்தில் ஆடுவோருக்கும் காண்போருக்கும் இடையே தொலைவு குறைவு. புருவம் அசைவதும் தெரியும். அதே ஆட்டத்தை ஆயிரக்கணக்கானோர் அமரும் மண்டபத்திற்குக் கொண்டுசென்றால், கடைசி வரிசைக்கு எட்ட வேண்டிப் புருவம் செய்த வேலையைக் கை செய்ய நேரும். உரக்கப் பேசுகிறவன் குரலில் நயம் குறைவது போல, மெய்ப்பாட்டிலும் நுட்பம் குறையும்.

நான்காம் அடுக்கு ஆட்ட அமைப்பு. எந்தச் சொல்லுக்கு எந்த அடவு, எந்த இடத்தில் திரும்புவது, யார் யாரைப் பார்ப்பது, எங்கே அசையாமல் நிற்பது என்பன இதில் அடங்கும். இதுதான் நாடகத்தின் உயிர்நிலை. வியப்பு யாதெனில், நான்கு அடுக்குகளில் எழுத்துக்கு மிகக் குறைவாக அகப்படுவதும் இதுவே. இது ஆசிரியரின் உடலிலிருந்து மாணவரின் உடலுக்குச் செல்கிறது. கதகளி ஆசான் சந்து பணிக்கர் போன்றோர் இளைஞர்களுக்கு ஊட்டிய நிலையும் வீறும், அவ்விளைஞர் பிறருக்குக் கற்பித்தபோதுதான் அடுத்த தலைமுறைக்குச் சென்றன.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போடுங்கள். 1955-இல் சீதா சுயம்வரம் அரங்கேறியபோது இருபது வயதாக இருந்த ஒருவர், 2025-இல் தொண்ணூறு வயதினர். 1970-இல் மகா பட்டாபிஷேகத்தில் இருபது வயதில் ஆடியவர் எழுபத்தைந்து வயதினர். முதல் ஆட்டத்தை உடலால் அறிந்தவர்கள் வெகு விரைவில் குறைந்து வருகிறார்கள். ஒரு நாடகம் பத்து ஆண்டுகள் மேடையேறாமல் இருந்தால், அதனை ஆடிய மாணவர்கள் பிரிந்து செல்வர். கற்பித்த ஆசிரியர் ஓய்வு பெறுவர். பின்பு அதனை எழுப்ப முயல்வோருக்குச் சொல்லும் இசையும் கிடைக்கும், ஆட்டம் கிடைக்காது. இடிந்த வீட்டின் கதவும் சாளரமும் கையில் இருக்க, சுவர் எங்கே இருந்தது என்று தெரியாத நிலைக்கு அது ஒப்பாகும்.

நாட்டின் சட்டமும் இந்த உண்மையை ஒருவாறு ஏற்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. ஆட்ட அமைப்பையும் அது நாடகப் படைப்பின் வகையில் சேர்க்கிறது. ஆனால் எழுத்திலோ வேறு வகையிலோ நிலைப்படுத்தப்பட்டிருந்தால்தான் அவ்வுரிமை உண்டு. ஆக்கியோன் மறைந்தபின் அறுபது ஆண்டுகள் அது நிற்கும். 1986-இல் மறைந்த ஒருவரின் படைப்புக்கு அக்கணக்கின்படி 2046 வரையில் காவல் உண்டு. அதற்குப் பின், சட்டம் காவாது. கற்றோரின் கருத்துத்தான் காக்க வேண்டும்.

பிற நாடுகளில் இவ்வழக்கு எவ்வாறு நடந்தது என்பதையும் சிறிது காண்போம். ஜெர்மானிய இசை மேதை வாக்னர், தம் பார்சிபால் என்ற இசை நாடகத்தை 1882-இல் பைராய்ட் நகரில் தாம் கட்டிய அரங்கில் மேடையேற்றினார். மறு ஆண்டே மறைந்தார். அவருடைய குடும்பத்தார் அந்தக் காட்சியமைப்பை ஏறக்குறைய அரை நூற்றாண்டு பெரிதும் மாறாமல் காத்தனர். 1933-இல் அதனை மாற்றப் போகின்றனர் என்ற செய்தி பரவியபோது, ஆசிரியரின் கண் பதிந்த காட்சிகளை மாற்றலாகாது என்று வேண்டி ஒரு விண்ணப்பம் எழுந்தது. வாக்னரின் பெண்மக்கள் அதனை முன்னின்று நடத்தினர். ரிச்சர்டு ஸ்ட்ராஸ், டாஸ்கனினி போன்ற இசைப் பெரியோர் கையொப்பமிட்டனர். எனினும் 1934-இல் புதிய காட்சியமைப்பே வந்தது.

இங்கிலாந்தில் கில்பர்ட் என்பவர் சொல்லெழுத, சல்லிவன் இசையமைத்த இன்ப நாடகங்கள் புகழ் பெற்றவை. டாய்லி கார்ட் என்ற குழுவினர், கில்பர்ட் வகுத்த மேடைக் குறிப்புகளைக் கொண்டு அவற்றைத் தலைமுறை தலைமுறையாக நடித்தனர். 1961-ஆம் ஆண்டின் முடிவில் கில்பர்ட்டின் சொல்லுக்கு இருந்த உரிமைக்காலம் முடிந்தது. பிறரும் தம் விருப்பம்போல் அவற்றை நடிக்கலாயினர். பழைய குழுவோ 1982-இல் தன் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. நாடகங்கள் இன்றும் வாழ்கின்றன. அவற்றை ஒரே முறையில் காத்த குழு நிற்கவில்லை.

நம் காலத்திலும் இதனைக் காண்கிறோம். விக்டர் ஹியூகோவின் பெருங்கதையைத் தழுவிய ஏழைபடும் பாடு என்னும் இசை நாடகம் 1985-இல் லண்டனில் தொடங்கியது. சுழலும் மேடை அதன் முதல் அமைப்பின் சிறப்பு. 2019-இல் அவ்வமைப்பு விடைபெற்றது. சுழல்மேடை இல்லாத, ஹியூகோ தாமே தீட்டிய ஓவியங்களைத் தழுவிய புதிய அமைப்பு அதே அரங்கில் வந்தது. பாட்டும் கதையும் மாறவில்லை. ஆயினும் பழைய அமைப்பின் அன்பர்கள் பலர், நெருங்கிய ஒருவரை இழந்தது போல வருந்தினர்.

இந்த மூன்று நிகழ்ச்சிகளும் ஒரே பாடத்தைக் கற்பிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முதலாவது, காப்போரின் அன்பு மட்டும் ஒரு வடிவத்தைக் காத்துவிடாது என்கிறது. இரண்டாவது, ஒரே கையில் அடைபட்ட கலை அக்கை தளரும்போது இடருறும் என்கிறது. மூன்றாவது, கதையும் இசையும் எஞ்சியிருந்தும் ஒன்று உண்மையாகவே இழக்கப்படும் என்கிறது.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு முற்றும் மாறான ஒரு மரபும் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய வள்ளி திருமணம் முதலான இசை நாடகங்கள், மதுரை, புதுக்கோட்டை முதலிய பக்கங்களில் ஊர்த் திருவிழாக்களில் இன்றும் நடைபெறுகின்றன. 'ஸ்பெஷல் நாடகம்' என்று அவற்றை மக்கள் வழங்குவர். வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள், ஒத்திகை இன்றியே அன்றிரவு மேடையில் கூடி நடிப்பர். பாட்டு யாவருக்கும் தெரியும், கதை தெரியும், மற்றவை அன்றன்று பிறப்பன. வள்ளியும் நாரதரும் நடத்தும் வாதம், நடிகரின் திறனுக்கும் அவையின் ஆர்வத்திற்கும் ஏற்ப நீளும், சுருங்கும். இங்கே காட்சியமைப்பைக் காப்பது என்ற பேச்சே இல்லை. ஏனெனில் நிலையான காட்சியமைப்பே இல்லை. ஆயினும் நூறாண்டாக நாடகம் வாழ்கிறது.

மறுபுறம், நவாப் இராஜமாணிக்கம் பிள்ளையின் தசாவதாரம் போன்ற நாடகங்களை எண்ணுங்கள். அவருடைய காட்சியமைப்பைக் கண்டு வியந்த முதியோரின் பேச்சை என் தலைமுறையினர் கேட்டு வளர்ந்தோம். 1974-இல் அவர் மறைந்தார். அக்காட்சிகள் இன்று பேச்சாக மட்டும் உள்ளன. சங்கரதாசரின் நாடகத்தில் சிறப்பு பாட்டில் இருந்தது. ஆகவே மேடை மாறியும் நாடகம் பிழைத்தது. நவாபின் நாடகத்தில் சிறப்பின் பெரும்பகுதி மேடையில் இருந்தது. ஆகவே மேடை போனதும் சிறப்பும் போயிற்று. ஒரு நாடகத்தின் சிறப்பு எந்த அடுக்கில் இருக்கிறதோ, அந்த அடுக்கைக் காப்பதே அதனைக் காப்பதாகும். இதுவே இந்த ஆராய்ச்சியின் மையக் கருத்து.

இக்கருத்தை வைத்துக் கலாக்ஷேத்திர நாடகங்களை நோக்குவோம். வால்மீகியின் சுலோகம் எங்கும் கிடைக்கும். குறவஞ்சியை வேறு பலரும் ஆடியுள்ளனர், இனியும் ஆடுவர். அங்கே மட்டும் உள்ளது எது? சொல்லையும் இசையையும் அடவையும் ஒன்றாக இணைத்த அந்த ஆட்ட அமைப்பும், மிகையின்றி அளவோடு நிற்கும் அந்த மெய்ப்பாடும், நிறங்களைத் தேர்ந்த அந்த நோக்கும் ஆகும். ஆகவே அவற்றைக் காக்கும் கடமை அங்கே உண்டு. ஓர் இடமாவது மூல வடிவத்தைக் காத்து நின்றால்தான், புது வடிவம் செய்வோருக்கு எதிலிருந்து மாறுகிறோம் என்பது தெரியும். அளவுகோலை வெட்டிவிட்டு நீளத்தைப் பற்றி வாதிடுவதில் பயன் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இன்று காத்ததை நாளை மாற்றலாம். இன்று இழந்ததை நாளை மீட்க முடியாது. இரண்டு பிழைகளில் ஒன்று திருத்தக்கூடியது, மற்றொன்று திருத்தக்கூடாதது என்றால், அறிவுடையோர் எதற்கு மிகுதியாக அஞ்சுவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் காத்தல் என்பது கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுதல் அன்று. இதனை விளக்க ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் ஆண்டுதோறும் ஒரே வரலாற்று நாடகத்தை மாணவர் நடிப்பது வழக்கம். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிப்பர். அரசனாக வருபவன் நேரே அரியணைக்குச் செல்லாமல், இடப்பக்கம் மூன்று அடி விலகி நடந்து, பின்பு திரும்பி அமர்வான். ஏன் அவ்வாறு செய்கிறான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அரசர்க்குரிய நடை அது என்று மாணவர் விளக்கம் கூறினர். முன்னாள் மாணவராகிய ஒரு பெரியவர் விழாவுக்கு வந்தபோது உண்மை வெளிப்பட்டது. பழைய கூடத்தின் மேடையில் அவ்விடத்தே ஒரு தூண் இருந்ததாம். அதனைச் சுற்றிக்கொண்டுதான் அரியணைக்குப் போக முடியும். கூடம் இடிக்கப்பட்டது, தூண் போயிற்று, விலகி நடப்பது மட்டும் நின்றுவிட்டது.

மாணவர் அனைவரும் சிரித்தனர். எனினும் அந்நாடகத்தில் மற்றோர் இடமும் இருந்தது. அரசி செய்தியைக் கேட்டபின் நெடுநேரம் அசையாமல் நிற்பாள். அதுவும் பழைய வழக்கமே. ஒருமுறை அதனைக் குறைத்து நடித்துப் பார்த்தனர். அவையில் இருந்த அமைதி குலைந்தது. அரசியின் துயரம் எவரையும் தொடவில்லை. மறு ஆண்டு பழைய நிலையே திரும்பியது. இரண்டும் மூத்தோர் வழியாக வந்தவையே. ஒன்று தூணுக்காகப் பிறந்தது; மற்றொன்று துயரத்துக்காகப் பிறந்தது. மரபைப் பயில்வோர் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும். காரணம் அறியாமல் காப்பவர் தூணையும் சேர்த்துக் காப்பார். காரணம் அறியாமல் மாற்றுபவர் துயரத்தையும் சேர்த்து நீக்குவார். இருவரிடத்தும் உள்ள குறை ஒன்றே.

ஆகவே, மூல வடிவத்தைக் காக்கும் கடமையுடையோர் மூன்று செயல்களைச் செய்தல் வேண்டும். முதலாவது, நாடகங்களை இடைவிடாது மேடையேற்றுதல். பயிலாத கலை துருப்பிடிக்கும். இரண்டாவது, பதிவு. படக்கருவி ஒரு கோணத்தையே காட்டும். அது யாரை நோக்குகிறதோ அவரைத் தவிர மற்றவர் என்ன செய்தார் என்பது தெரியாது. ஆதலின் முழு மேடையும் தெரியும் பதிவும், அதனோடு எழுத்துக் குறிப்பும், ஆடையின் துணியும் நிறமும் பற்றிய விவரமும் வேண்டும். மூன்றாவது, எல்லாவற்றினும் முதன்மையானது: மூத்த கலைஞர் உள்ளபோதே ஒவ்வோர் அசைவுக்கும் காரணத்தைக் கேட்டு எழுதிவைத்தல். அசைவைப் படம் காட்டும்; காரணத்தை மனிதர்தாம் சொல்ல முடியும்.

மாற்றம் விரும்புவோருக்கும் இடம் உண்டு. அதே குறவஞ்சியை, அதே இராமகாதையைத் தம் நோக்கில் புதிதாக அமைக்கட்டும். ருக்மிணி தேவியும் முன்னோரின் நூலை எடுத்துப் புதிதாக அமைத்தவரே. ஆனால் அவர் செய்தது தம் பெயரால் செய்த படைப்பு. பழைய படைப்பின் பெயரை வைத்துக்கொண்டு உள்ளே சிறிது சிறிதாக மாற்றுவது வேறு. அதில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. காண்போர் எதனைக் கண்டோம் என்று அறியவும் வழியில்லை. மாற்றுபவர் இது எம்முடையது என்று துணிந்து சொல்ல வேண்டும். அந்தத் துணிவு இல்லாதவர் மாற்றத்துக்கு ஆயத்தமாகவில்லை என்றே கொள்ளலாம்.

மாணவ நண்பர்களே, இவ்வழக்கில் நீங்கள் எந்தப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. பக்கம் சேர்வதற்கு முன் நாடகத்தைப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். சென்னையில் இசையும் நடனமும் பெருகும் மார்கழிப் பருவத்தில் திருவான்மியூருக்குச் செல்லுங்கள். கதையை முன்னரே படித்துக்கொண்டு செல்லுங்கள். சொல் விளங்காதபோதும் ஆட்டம் விளங்கும். ஒரே நாடகத்தை இரண்டு முறை காணும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். முதல்முறை கதையைக் காண்பீர்கள். இரண்டாம்முறை அமைப்பைக் காண்பீர்கள். பேசாமல் ஓரத்தில் நிற்பவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பின்பு, முன்னொரு காலத்தில் அதனை ஆடிய முதியவர் ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், அவரிடம் சென்று, அந்த இடத்தில் ஏன் நின்றீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் இருக்கும்போது கேட்டால்தான் அவ்விடை கிடைக்கும்.